கேள்வி கேட்காத கதவு

ஊராட்சிப் பணத்தில் சுடுகாட்டுக்குப் பாதை போடுகிறோம். எரிமேடை கட்டுகிறோம். எரிமேடைக்குக் கூரையும் போடுகிறோம் - பிணம் மழையில் நனையலாகாது என்பதற்காக! சாதிக்கொரு சுடுகாடு என்ற இழிவு இன்னும் ஒழிந்தபாடில்லை. அது வேறு வெட்கம். ஆனால், இறந்தவனை அடக்கம் செய்ய வழி செய்து கொடுப்பது ஊரின் கடமை என்பதை மட்டும் எவரும் மறுப்பதில்லை. 'அவன் செத்ததற்கு ஊர் என்ன செய்யும்? அவன் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்' என்று கிராம சபையில் எழுந்து சொல்பவர் எவருமிலர்.

அதே மனிதன், இறப்பதற்கு முந்திய இரவிலே உறக்கமின்றிப் புரண்டான். நெஞ்சை அடைத்த துயரைச் சொல்ல ஆளின்றித் தவித்தான். விடிந்தால் என்ன செய்வது என்றறியாமல் வெறித்த பார்வையுடன் திண்ணையில் அமர்ந்திருந்தான். அப்போது அவன் ஊரின் கண்ணில் படவில்லை. அது அவன் சொந்த விவகாரமாம்! அவன் மனம், அவன் பாடு! பிணமானதும் பொது, மனிதனாக இருந்தவரை தனி! இது எந்த நீதியில் சேர்த்தி?

இந்தக் கேள்வியை நான் கேட்கக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சி நகரிலும், கல்வராயன் மலைமீது வெள்ளிமலை போன்ற ஊர்களிலும், மனம் உடைந்தவர் எவராயினும் சீட்டின்றி, சிபாரிசின்றி, முன்கூட்டிச் சொல்லாமல் நேரே உள்ளே வந்து அமரக்கூடிய நிலையங்கள் வேண்டும். அவற்றுக்கு நகராட்சியும் ஊராட்சிகளும் தம் நிதியிலிருந்து பங்கு தரவேண்டும் என்று எண்ணுகிறேன். எண்ணத்தைச் சொன்னதும் நண்பர்கள் சிரித்தனர். 'சாக்கடைக்கே பணமில்லை, சஞ்சலத்துக்கா பணம்?' என்றனர். சிரிப்பை நான் குறை கூறவில்லை. அதற்குள் ஒரு மெய்யான கேள்வி இருக்கிறது. ஒருவன் உள்ளத்திலே நேரும் இடருக்கு ஊர் கடன்பட்டதா? அதைத்தான் ஆராய்வோம்.

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது - பெருமையால் அல்ல, பிணங்களால்! கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகள் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என அரசு அறிவித்தது. 65 குடும்பங்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 6 கோடியே 50 இலட்சம். அந்தப் பணத்தை நான் பழிக்கவில்லை. குடும்பத் தலைவனை இழந்து நின்றோருக்கு அது வேண்டியதே. குடித்தவரெல்லாம் மனநோயாளர் என்றும் நான் சொல்லவில்லை. மூட்டை சுமந்த முதுகின் வலிக்கும், கூலி நாளின் களைப்புக்கும் மலிவு மருந்தென்று சாராயத்தை நம்பியவர் அவருள் பலர். ஆனால், எண்ணிப் பாருங்கள். சாவுக்குப் பின்னே கோடி எண்ணத் தெரிந்த நமக்கு, சாவுக்கு முன்னே ஒரு நாற்காலி போட்டு, 'உட்கார், என்ன வருத்தம்? சொல்' என்று கேட்கத் தெரியவில்லையே!

இனி, என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும்.

மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியன் நான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை. தேடிச் சென்றேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே அடுப்பூதிக் கொண்டிருந்தாள். அவளுடைய தாய், குழந்தை பெற்று மூன்று திங்களாகிறது, சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். உண்பதில்லை, உறங்குவதில்லை, குழந்தை அழுதால் திரும்பிப் பார்ப்பதுமில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்களில் சிலருக்கு வரும் மனச்சோர்வு அது என்று, படித்த நினைவைக் கொண்டு ஊகித்தேன். வீட்டாரோ பேய் என்று முடிவு செய்திருந்தனர். கோடாங்கி வந்தார், உடுக்கை ஒலித்தது, வேப்பிலையால் அடித்தார், பின்பு சாட்டையாலும் அடித்தார். ஓர் ஆடும், கடன் வாங்கிய மூவாயிரம் ரூபாயும் போயின.

எனக்கு ஆத்திரம் பொங்கிற்று. பேயென்பது பொய், உடுக்கை என்பது ஏய்ப்பு, அடிப்பது கொடுமை என்று அரைமணி நேரம் பேசினேன். மாணவியின் தந்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "சரிங்க சார். இனிமே கோடாங்கிகிட்டப் போகல. எங்க போவணும்? யாரப் பாக்கணும்? எந்தக் கெழமையில போனா இருப்பாங்க? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

மூன்றே கேள்விகள். மூன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை! எங்கே போகக்கூடாது என்று சொல்லத் தெரிந்தது. எங்கே போகவேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. கலைப்பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுபவன், கையெழுத்துப் போடத் தெரியாத ஓர் உழவர்முன் வாயடைத்து நின்றேன். பின்னர் விசாரித்து, நகரத்து மருத்துவரிடம் அந்த அம்மையார் சென்றார், மருந்துண்டார், தேறினார். ஆனால் அதற்குள் நான்கு மாதங்கள் ஓடின. மாணவியின் படிப்பு அவ்வாண்டு குலைந்தே போயிற்று.

அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கிற்று. கோடாங்கி ஏன் வெல்கிறார்? மக்கள் மடையர் என்பதாலா? அல்ல! அவர் நள்ளிரவிலும் வருகிறார். சீட்டு கேட்பதில்லை. 'அடுத்த செவ்வாய் வா' என்பதில்லை. மலைமக்களின் பேச்சிலேயே பேசுகிறார். விடிய விடியக் கூட இருக்கிறார். அவர் சொல்வது பொய். ஆனால், அவர் கதவு திறந்திருக்கிறது. நாம் சொல்வது மெய். ஆனால், நம் கதவு எங்கே? பொய்க்கதவை அடைப்பது பகுத்தறிவின் பாதி வேலைதான். மெய்க்கதவைத் திறந்து வைப்பது மறுபாதி. முதல் பாதியை மேடையில் பேசி முடித்துவிடலாம். மறுபாதிக்கோ பணம் வேண்டும், கட்டடம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அதனால்தான் அதனை மறந்துவிடுகிறோம் போலும்!

மெய்க்கதவு இல்லாத நாட்டில் பொய்க்கதவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர், ஓட முயன்றும் ஓட முடியாமல் வெந்து மடிந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களா? இல்லை, போக வேறிடம் அறியாத தாய்தந்தையர், உடன்பிறந்தோர். அந்த உழவர் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருப்பார்கள். விடை சொல்ல ஆளில்லை. சங்கிலி விடை சொல்லிற்று!

சட்டம் நெடுநாள் உறங்கிற்று. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், சாக முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டுவரை சிறை என்றது. வாழப் பிடிக்கவில்லை என்பவனுக்குச் சிறைவாசம் மருந்தாம்! 2017இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த நோக்கை மாற்றியது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது. சங்கிலியைத் தடை செய்தது. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. சலுகை என்று சொல்லவில்லை, உரிமை என்கிறது!

உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. ஏடு மலையேறியதா? 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. நாளொன்றுக்கு 54 பேர்! மாநிலங்களின் வரிசையில் அவ்வாண்டு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

ஒன்றுமே இல்லை என்று நான் கூறவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் உண்டு. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி ஆறுதலும் அறிவுரையும் கிடைக்கின்றன. எல்லாம் நன்மையே, இந்த எண்ணை ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதி வைக்கவேண்டும். ஆனால், அலைபேசிக்கு அலை எட்டாத சிற்றூர்கள் மலையில் உண்டே! எட்டினாலும், ஒற்றை அறை வீட்டில், மாமியார் ஒருபுறம், கணவன் ஒருபுறம் இருக்க, ஒரு பெண் தன் நெஞ்சத்துப் புண்ணை எந்த மூலையில் நின்று சொல்வாள்? அவளுக்குக் குரல் மட்டும் போதாது. வீட்டை விட்டு வெளியே ஓர் இடம் வேண்டும். மலையிறங்கி நகருக்குச் செல்ல ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். துயரத்தின் உச்சியில் இருப்பவனுக்கு, அந்தப் பயணமே மலையினும் பெரிய மலை!

'இதெல்லாம் பணக்கார நாட்டுப் பேச்சு' என்பார் சிலர். இத்தாலி நாட்டுத் திரியெஸ்தே நகரில், பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் பித்தர் விடுதியின் கதவுகளைத் திறந்துவிட்டு, ஊருக்குள் மனநல நிலையங்கள் தோன்ற வழிகோலினார். 1978இல் அந்நாட்டுச் சட்டமே அவ்வழியில் மாறிற்று. அது பணக்கார நாடு, விட்டுவிடுவோம். சிம்பாப்வே பணக்கார நாடா? கோடிக்கணக்கான மக்களுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க மனநல மருத்துவரே கொண்ட நாடு அது. அங்கே 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர், ஹராரே நகரின் ஏழைப் பகுதியான எம்பாரேயில், பதினான்கு பாட்டிமார்களைக் கொண்டு ஒரு வேலை தொடங்கினார். அவர்கள் நகர சுகாதாரத் துறையின் ஊழியர்கள். மருத்துவமனை வளாகத்திலே ஒரு மரப்பலகை இருக்கை. அதில் பாட்டி அமர்ந்திருப்பார். துயருற்றவர் வந்து பக்கத்தில் அமர்வார். பாட்டி கேட்பார்; மெல்ல, ஒவ்வொரு சிக்கலாகப் பிரித்து வழி காண உதவுவார்; கடுமையான நிலை என்றால் மருத்துவரிடம் அனுப்புவார். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவருள் ஆறு திங்களுக்குப் பின்னும் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் நீடித்தன. பாட்டியின் பக்கத்தில் அமர்ந்தவருள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கே நீடித்தன.

அந்நாட்டு மக்கள் இந்நோயை 'அளவுமீறி எண்ணுதல்' என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்களாம். நம் ஊரிலும், 'ரொம்ப யோசன பண்ணிப் படுத்துட்டான்' என்றுதானே சொல்கிறோம்? கடல் கடந்தும் துயரம் ஒரே மொழி பேசுகிறது. நம் மலையிலும் பாட்டிமார் இல்லையா? பயிற்சியும் ஊதியமும் தந்தால் அமரமாட்டார்களா?

இதை அறக்கட்டளைகளும் அருளாளரும் செய்யட்டுமே, ஊராட்சி ஏன் என்ற வினா எழும். நற்பணி செய்யும் தொண்டு நிறுவனங்களை வணங்குகிறேன். ஆயினும், இங்கேதான் தன்மானம் குறுக்கிடுகிறது. கொடையாளியின் வாயிலில் நிற்பவன் குனிந்து நிற்கிறான். கொடையாளியின் மனம் மாறினால் கதவும் மூடும். ஊர்ப்பணத்தால் நடக்கும் நிலையத்தில் நுழைபவனோ தன் வீட்டில் நுழைகிறான். பரம ஏழையும் கடையில் சோப்பு வாங்குகையில் வரி கொடுக்கிறான். அவன் பணமும் அதிலுண்டு! மனமுடைந்து வருபவனுக்கு முதலில் வேண்டியது, 'நான் இரவலன் அல்ல' என்ற நினைவு. அந்நினைவே பாதி மருந்து. அதனைக் கொடையால் தரமுடியாது. உரிமையால் மட்டுமே தரமுடியும்.

நமக்கு இது புதிய பாடமும் அன்று. 1920இல், தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு! பிள்ளையின் பசி பெற்றவர் விவகாரம் என்று அம்மன்றம் கைவிரித்திருக்கலாம், விரிக்கவில்லை. அந்த ஓரணா விதைதான் பின்னர் மதிய உணவாய், 1982இல் சத்துணவாய், 2022இல் காலை உணவாய் வளர்ந்தது. வயிற்றின் பசி பொதுக்கடமை என்பதை ஓர் உள்ளாட்சி மன்றம் முதலில் ஒப்புக்கொண்டது, நாடு பின்தொடர்ந்தது. உள்ளத்தின் இடரும் பொதுக்கடமை என்பதை ஒப்புக்கொள்ளும் முதல் ஊராட்சி எது? அது கல்வராயன் மலையில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

பணம் இல்லை என்பார்கள். மலை ஊராட்சியின் சொந்த வருவாய் சிறிது என்பதை நானும் அறிவேன். முழுச்செலவையும் அது சுமக்கவேண்டும் என்று கூறவில்லை. ஓர் அறை, ஒரு விளக்கு, குடிநீர், துணைக்கு இருக்கும் பெண்மணியின் ஊதியம் - இவை ஊரின் பங்கு. மருத்துவர், மருந்து, பயிற்சி - இவை அரசின் பங்கு. 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாயை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. ஆகவே, ஊராட்சி வழியே மக்கள் நலம் பேணுவது கனவுப் பேச்சன்று. அண்டை மாநிலமான கேரளத்தில், தீராநோயில் கிடப்போரை வீடுதேடிச் சென்று பேணும் பணிக்கு ஊராட்சிகளே பணம் ஒதுக்குகின்றன. மலைக்கு அந்தப்புறம் முடிவது, இந்தப்புறம் முடியாதா?

'ஊராட்சி கையில் கொடுத்தால் ஊரே சிரிக்கும். யார் போனார், யார் வந்தார் என்பது தேநீர்க் கடைப் பேச்சாகும். சாதி பார்ப்பார்கள்' என்றும் சொல்வார்கள். இது மெய்யான அச்சம். இதைத் தள்ளிவிட முடியாது. எனவேதான், நிலையம் ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்திலேயே இருக்கவேண்டும் - காய்ச்சலுக்கு வந்தவர் யார், கவலைக்கு வந்தவர் யார் என்று எவரும் அறியாதபடி! ஊராட்சி பணம் தரும்; பதிவேட்டைப் பார்க்காது. மறைவு காக்கப்படும் உரிமையும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. வருபவரிடம் பெயர் கேட்கவேண்டியதில்லை. சாதி கேட்கவே கூடாது. கேள்வி கேட்காத கதவு என்றால் அதுதான்.

இன்னொரு மறுப்பு உண்டு. அதை நான் மிகவும் மதிக்கிறேன். 'உழைப்பவனுக்கு நிலமில்லை, கூலியில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது. அவன் துயரத்துக்குக் காரணம் சமுதாயம். அதைத் திருத்தாமல், அவனை உட்காரவைத்து ஆறுதல் சொல்வது அபினி கொடுப்பதன்றோ?' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி கூர்மையானது. ஜாகீர்தாரர்களின் பிடியில் இந்த மலை 1976 வரையில் கிடந்தது. நாடு விடுதலை பெற்றும் 29 ஆண்டுகள்! பிடி தளர்ந்த பின்னும், பிழைப்புத் தேடிச் செம்மரம் வெட்டப் போய்ச் சிறைப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் நெஞ்சிலுள்ள வலி மூளையின் கோளாறு மட்டுமன்று, வரலாற்றின் வடு. ஆறுதல் சொல் நிலம் தராது. நாற்காலி கூலி தராது. ஒப்புகிறேன்!

ஆனால், நிலம் கேட்பதற்கும் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா? நாளைய நீதிக்காக இன்றிரவு சாகப்போகிறவனைக் காத்திருக்கச் சொல்லலாமா? அன்றியும், அந்த நிலையம் வெறும் ஆறுதல் மடமாக இருக்கவேண்டியதில்லை. இவ்வாண்டு வந்தவருள் கடனால் வந்தவர் எத்தனை பேர், குடியால் சீரழிந்த குடும்பத்தார் எத்தனை பேர், கணவன் கைப்பட்ட பெண்கள் எத்தனை பேர், தேர்வுக்கு அஞ்சிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று, பெயரை மறைத்து, எண்ணிக்கையை மட்டும் ஆண்டுக்கொருமுறை கிராம சபையில் படிக்கட்டும். அப்போது தனித்தனிக் கண்ணீர் ஊரின் கணக்காகும். வீட்டுக்குள் புதைந்து கிடந்தது பொதுமன்றத்தில் எழுந்து நிற்கும். அபினி உறங்கவைக்கும், இந்தக் கணக்கு உறக்கத்தைக் கெடுக்கும்!

ஆகவே, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒருவன் உள்ளத்து இடருக்கு ஊர் கடன்பட்டதா? அவன் துயரில் ஊருக்குப் பங்கு உண்டு. நாம் வகுத்த சாதி, நாம் பொறுத்த வறுமை, நாம் விற்கவிட்ட சாராயம், நாம் பரப்பிய பேய்க்கதை - இவையெல்லாம் அவன் நெஞ்சுக்குள் புகுந்திருக்கின்றன. பங்காளி கடனாளியே! அவன் துயரில் நமக்குப் பங்கே இல்லாத இடத்திலும், பிணத்துக்குக் கூரை போட்ட கையால் உயிருக்கும் ஒரு கூரை போடுவது கடமை. இரண்டாவதை மறுப்பவர் முதலாவதையும் மறுக்கட்டும். அப்போதாவது அவர் சொல்லில் முரண்பாடு இராது.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, பாதை என்று பேசுகிறோம், பேசவேண்டும். அடுத்த முறை கூடும்போது, கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் உள்ள படித்த இளைஞர்கள், ஆசிரியர்கள், மகளிர் குழுவினர் எழுந்து இந்த ஒரு தீர்மானத்தையும் முன்மொழியவேண்டும்: மனமுடைந்தவர் வந்து அமர ஓர் அறையும், கேட்க ஓர் ஆளும், ஊரின் செலவில். முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை கேட்பார்கள். மூன்றாம் முறை, தம் வீட்டில் நேர்ந்ததை எண்ணி எவரேனும் ஒருவர் கையுயர்த்துவார்.

"எங்க போவணும் சார்?" என்று என்னிடம் கேட்ட தந்தை இன்றும் அந்த ஊரில் இருக்கிறார். இன்னொரு தந்தை என்னிடம் அதே கேள்வியைக் கேட்கும் நாள் வரும். அன்று நான் பகுத்தறிவுச் சொற்பொழிவு செய்ய விரும்பவில்லை. 'அதோ, அந்தக் கதவு' என்று கைநீட்டிக் காட்ட விரும்புகிறேன்.